கோட்டையும் லயமும்

கெல்லி கோட்டை, கட்டி முடிக்கப்படாமலேயே புகழ்பெற்ற வீடு. ஈப்போவிலிருந்து பத்து காஜா பக்கம் போகிறவர்களுக்குச் சாலையிலிருந்தே தெரியும். ஸ்காட்லாந்தின் கெல்லாஸ் என்ற சிற்றூரைச் சேர்ந்த வில்லியம் கெல்லி ஸ்மித், 1890இல் தன் இருபதாவது வயதில் மலாயாவுக்கு வந்தார். சம்பாதித்த காசில் கிந்தா மாவட்டத்தில் நிலம் வாங்கி ரப்பர் நட்டார். தோட்டத்துக்குச் சொந்த ஊர்ப் பெயரையே சேர்த்துக் கிந்தா கெல்லாஸ் என்று பெயரிட்டார். ஏற்கெனவே குடியிருந்த வீட்டோடு ஒட்டி 1915இல் ஒரு மாளிகையைத் தொடங்கினார். உயரமான கோபுரமும் மின்தூக்கியும் அதற்கான திட்டத்தில் இருந்தன. 1926இல் லிஸ்பன் நகரில் அவர் இறந்துபோக, வேலை நின்றது. குடும்பம் திரும்பி வரவில்லை. சொத்து கைமாறியது. கோட்டையைக் காடு மூடியது. பல பத்தாண்டுகள் கழித்து அதே கோட்டை சுற்றுலாத் தலமானது. 1999இல் வெளியான 'அன்னா அண்ட் தி கிங்' படத்தின் சில காட்சிகளை அங்கே எடுத்தார்கள். இன்று டிக்கெட் வாங்கிக்கொண்டு உள்ளே போகலாம்.

அதைக் கட்டியவர்கள் தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர்கள். முதல் உலகப் போர் முடிந்த காலத்தில் பரவிய விஷக் காய்ச்சலில் அவர்களில் பலர் இறந்தார்கள். மிஞ்சியவர்கள் மாரியம்மனுக்கு ஒரு கோயில் வேண்டும் என்று துரையிடம் கேட்டார்கள், அவரும் சம்மதித்தார் என்று சொல்லப்படுகிறது. கோயிலின் மேல் தெய்வச் சிலைகளோடு ஒரு வெள்ளைக்காரர் சிலையும் நிற்கிறது. அவர்தான் கெல்லி ஸ்மித் என்பது தோட்டத்து மக்கள் தலைமுறையாகச் சொல்லிவரும் செய்தி. கோட்டையில் யாரும் விளக்கேற்றுவதில்லை. கோயிலில் இன்றும் ஏற்றுகிறார்கள்.

அங்கே மூன்றாவதாக ஒரு கட்டடம் இருந்திருக்க வேண்டும். கோட்டையைக் கட்டியவர்களும் தோட்டத்தில் பால் வெட்டியவர்களும் இரவில் படுத்த லயம். கோட்டையைப் பார்க்க வருகிறவருக்குக் காட்ட அப்படியொரு லயம் அங்கே இல்லை.

பழைய கட்டடங்களுக்குப் புது வேலை கொடுப்பது பற்றி இப்போது நம் ஊரில் நிறையப் பேச்சு. நிலைத்த நகரம், மரபுச் சுற்றுலா, பசுமைக் கட்டடம் என்று கருத்தரங்கு தவறாமல் நடக்கிறது. அந்தப் பேச்சில் எனக்கு உடன்பாடுதான். ஆனால் பேராக்கில் பிறந்து வளர்ந்த ஒரு தோட்டத்துப் பேரப்பிள்ளையாக எனக்கு ஒரு கேள்வி இருக்கு. எது காப்பாற்றத் தகுந்த கட்டடம் என்பதை எதை வைத்து முடிவு செய்கிறோம்?

முதலில் ஈப்போவைப் பார்ப்போம். பழைய நகரத்தின் கடைவீடுகள் இத்தனை ஆண்டு தப்பித்ததற்கு யாருடைய தொலைநோக்கும் காரணமில்லை. கிந்தாப் பள்ளத்தாக்கு ஈயத்தால் பணம் பார்த்த இடம். 1985இல் உலகச் சந்தையில் ஈயத்தின் விலை சரிந்தது. லம்பங்கள் மூடப்பட்டன. இளைஞர்கள் கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் போனார்கள். பழையதை இடித்துப் புதிதாகக் கட்டும் அளவுக்கு ஊரில் பணம் புழங்கவில்லை. இன்னொரு காரணம் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம். 1948 ஜனவரி 31க்கு முன் கட்டப்பட்ட கட்டடங்களுக்கு வாடகையை ஏற்ற முடியாது, குடியிருப்பவரை எளிதாக வெளியேற்றவும் முடியாது. வீட்டுக்காரருக்கு அதைப் பழுதுபார்ப்பதிலும் ஆர்வமில்லை, இடிக்கவும் வழியில்லை. 1997இல் நாடாளுமன்றம் அந்தச் சட்டத்தை நீக்கியது. இடைக்கால ஏற்பாடு 1999 கடைசியோடு முடிந்தது. அதற்குப் பிறகு பழைய கடைவீடு ஒன்றை என்ன செய்வது என்பது உரிமையாளர் விருப்பம் ஆனது. சிலர் பூட்டிப் போட்டார்கள். சிலர் பறவைக்கூட்டுக்கு விட்டார்கள். சிலர் விற்றார்கள்.

அந்த நிலையில்தான் மறுபயன்பாடு உள்ளே வந்தது. கொங் ஹெங் கோப்பிக்கடையின் மாடி, ஒரு காலத்தில் பக்கத்துக் கொட்டகையில் நடித்த சீன நாடகக்காரர்கள் தங்கிய இடம். நிலவடிவமைப்பாளர் இங் செக் சான் அதைப் பெரிதாக மாற்றாமல், சுவரின் வயதை மறைக்காமல், தங்கும் விடுதி ஆக்கினார். கீழே கோப்பிக்கடை கோப்பிக்கடையாகவே தொடர்ந்தது. 1893இல் லியோங் ஃபீ தொடங்கிய ஹக்கா ஈய முதலாளிகளின் மன்றமான ஹான் சின் பெட் சூ, 2015இல் ஈயத் தொழிலையும் ஹக்கா மக்களையும் பற்றிய அருங்காட்சியகம் ஆனது. 2014இல் எர்னஸ்ட் சக்கரேவிக் வரைந்த சுவரோவியங்கள் பயணிகளைப் பழைய நகரத்துச் சந்துகளுக்குள் நடக்க வைத்தன.

இதில் நன்மை இல்லை என்று சொல்ல மாட்டேன். சுற்றுச்சூழல் கணக்கே அதற்குச் சாட்சி. உலகம் வெளியேற்றும் கரிமவாயுவில் ஏறத்தாழ 8 விழுக்காடு சிமெண்ட் உற்பத்தியிலிருந்து வருகிறது. ஒரு கடைவீட்டின் செங்கல்லைச் சுட்ட விறகும் சுண்ணாம்பைச் சுட்ட நெருப்பும் நூறாண்டுக்கு முன்பே எரிந்து முடிந்தவை. இடித்தால் அந்தச் செலவு வீண். புதிதாகக் கட்டினால் இன்னொரு முறை அதே செலவு. தவிர, அந்த வீடுகள் இந்த வெப்பத்துக்கென்றே கட்டப்பட்டவை. நடுவில் வானம் பார்த்த முற்றம் சூட்டை மேலே அனுப்பும். வெயிலும் மழையும் சுவரைத் தொடாமல் அஞ்சடி காக்கும். சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தை உள்வாங்கி வெளியே விடும். முற்றத்தைக் கண்ணாடியால் மூடிக் குளிர்சாதனம் மாட்டுகிறவர், அந்த வீட்டுக்குத் தெரிந்த வித்தையை மறக்கடிக்கிறார். இன்னொரு மோகம், பூச்சை உரித்துச் செங்கல்லைக் காட்டுவது. படத்தில் அழகாக இருக்கும். ஆனால் அந்தக் காலத்துச் செங்கல் மிருதுவானது. பூச்சுக்குள் இருக்கத்தான் அதைச் சுட்டார்கள். மழை பட்டால் கொஞ்சம் கொஞ்சமாக உதிரும்.

1961இல் அமெரிக்காவில் ஜேன் ஜேக்கப்ஸ் நகரங்களைப் பற்றி எழுதிய புத்தகத்தில் பழைய கட்டடங்களுக்கென்றே ஓர் அத்தியாயம் உண்டு. அழகுக்காக அவர் அவற்றைக் கேட்கவில்லை. பழைய கட்டடத்தில் வாடகை குறைவு. சின்னக் கடைக்காரரும் புதிதாகத் தொழில் தொடங்குகிறவரும் அங்கேதான் பிழைக்க முடியும் என்பது அவர் வாதம். ஈப்போவில் நான் பார்த்தது இதற்கு நேர்மாறு. எங்கள் குடும்பத்துக்குத் துணி தைத்துக் கொடுத்த ஒருவர், பழைய நகரத்து அஞ்சடி ஒன்றில் ஒற்றைத் தையல் இயந்திரத்தோடு முப்பது ஆண்டு உட்கார்ந்திருந்தார். கட்டடம் கைமாறி, முகப்பு புதிதானது. வாடகை மூன்று மடங்கு. "கட்டடத்துக்கு வயசானா மதிப்பு ஏறுது தம்பி, எனக்கு வயசானா எறங்குது" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் புந்தோங்கில் தன் வீட்டு வாசலுக்கு இயந்திரத்தை மாற்றிக்கொண்டார். கட்டடம் காப்பாற்றப்பட்டது உண்மை. அந்த இடத்துக்கு இருந்த ஒரு பயன் போனதும் உண்மை.

இதற்கு எதிராக ஈப்போ ரயில் நிலையத்தை வைத்துப் பாருங்கள். ஹப்பக் வடிவமைத்து 1917இல் முடிந்த கட்டடம். வெள்ளைக் குவிமாடமும் நீண்ட வளைவு வராந்தாவும் கொண்டது. பேராக்கின் முதல் ரயில் 1885இல் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்கு ஓடியது. அந்தப் பாதையைப் போட இலங்கையிலிருந்து ஆட்கள் கொண்டுவரப்பட்டார்கள். பிறகு மலாயா ரயில்வேயின் தண்டவாளப் பராமரிப்பில் தமிழகத்துத் தொழிலாளர்களும், நிலைய அலுவலகங்களில் யாழ்ப்பாணத்துக் கிராணிமாரும் நிறைந்தார்கள். அந்த நிலையத்துக்கு யாரும் புது வேலை தேடிக் கொடுக்கவில்லை. 2010இல் மின்ரயில் வந்தது, அதே கட்டடம் அதற்கும் நிலையமாக இருக்கிறது. தன்னைப் பயன்படுத்துகிறவர்களை இழக்காத கட்டடம் தானாகவே நிற்கிறது. கெல்லி ஸ்மித் தோட்டத்து மாரியம்மன் கோயிலும் அப்படித்தான் நிற்கிறது.

இனி தோட்டத்துக்கு வருவோம். மலாயாவின் ரப்பர் கதை தொடங்கிய இடங்களில் ஒன்று பேராக்தான். 1877இல் சிங்கப்பூரிலிருந்து வந்த ஒன்பது கன்றுகள் கோலகங்சாரில் நடப்பட்டன. அவற்றின் மிச்சமாக ஒரு மரத்தை இன்றும் வேலிகட்டிக் காத்து வருகிறார்கள். மரத்துக்குப் பின்னால் ஆட்கள் வந்தார்கள். முதலில் ஒப்பந்தக் கூலிகளாக. 1910இல் அந்த முறை நீக்கப்பட்ட பின் கங்காணிமார் வழியாக. 1938இல் இந்திய அரசு தடைசெய்யும்வரை அது தொடர்ந்தது. ஒவ்வொரு தோட்டமும் ஒரு முழு ஊர். பெரட்டுக் களம், பால் ஸ்டோர், புகைவீடு, ஆயாக் கொட்டகை, கள்ளுக்கடை, பள்ளிக்கூடம், கோயில், மேட்டில் துரை பங்களா, கீழே வரிசையாக லயம்.

இவற்றில் கல்லும் சுண்ணாம்பும் பெற்றது பங்களா. லயம் பெரும்பாலும் பலகையும் தகரமும். ஒரே கூரை, ஒரே வரிசை, குடும்பத்துக்கு ஓர் அறை. பின்னாளில் சட்டம் வற்புறுத்திய பிறகு செங்கல் வைத்த வீடுகளும் வந்தன. ஆனால் பலகையோ செங்கல்லோ, அந்த வீடு வேலையோடு சேர்ந்தது. வேலை போனால் வீடும் போகும். மூன்று தலைமுறை ஒரே வாசலில் கோலம் போட்டிருந்தாலும் அந்த வாசல் நிறுவனத்துடையது. ஹக்கா மன்றத்துக்கு ஒரு கிராண்டு இருந்தது, உறுப்பினர் பட்டியல் இருந்தது, சுவரில் மாட்டப் படங்கள் இருந்தன. அதனால்தான் அந்த மன்றம் அருங்காட்சியகமாக முடிந்தது. லயத்து மக்களிடம் இருந்தது சம்பளச் சீட்டும் ரேசன் அட்டையும்தான்.

என் தாத்தாவும் பாட்டியும் பால் வெட்டிய தோட்டம் 1980களில் கைமாறியது. ரப்பரை வெட்டிச் செம்பனை நட்டார்கள், பிறகு ஒரு பகுதி தாமான் ஆனது. வெளியேறும்போது லயத்துப் பலகையையும் தகரத்தையும் பிரித்து எடுத்துக்கொள்ள அனுமதி கிடைத்தது. நாலு குடும்பம் சேர்ந்து லாரி பிடித்து, ஈப்போவின் ஓரத்தில் ஒரு புறம்போக்கு நிலத்தில் அதே பலகையை வைத்து மறுபடி வீடு கட்டினார்கள். என் அப்பா படித்தது அந்த வீட்டில்தான். பாட்டி சொல்வார்: "பலகைய எடுத்துக்கன்னாங்க. நெலத்தப் பத்தி யாரும் ஒண்ணும் சொல்லல." மறுபயன்பாடு என்ற சொல்லைக் கேட்கும்போது எனக்கு அந்த லாரிதான் ஞாபகம் வரும். பழைய பொருளை வீணாக்காமல் புது வீடு கட்டுவதில் எங்கள் ஆட்களுக்கு யாரும் வகுப்பெடுக்க வேண்டியதில்லை. அவர்களிடம் இல்லாமல் போனது கட்டடத்துக்கு அடியில் இருந்த மண்.

இதை நன்றாகப் புரிந்துகொண்டவர் சுங்கை சிப்புட்டில் 1919இல் பிறந்த துன் வீ. தி. சம்பந்தன். வெள்ளைக்கார நிறுவனங்கள் தோட்டங்களைத் துண்டுபோட்டு விற்றுக்கொண்டிருந்த நேரத்தில், 1960இல் அவர் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளி மாதம் பத்து வெள்ளி கட்டிப் பங்கு வாங்கலாம். சேர்ந்த பணத்தில் சங்கம் தோட்டங்களை வாங்கியது. அந்தச் சங்கத்தின் பிற்கால வரவுசெலவைப் பற்றிய விவாதம் தனி. ஆனால் அதன் தொடக்கத்தில் இருந்த எண்ணம் இன்றைய மரபுப் பேச்சுக்கும் பொருந்தும். காப்பது என்றால் முதலில் கைவசம் இருக்க வேண்டும்.

தோட்டப்புறத்தில் தப்பித்தவை இரண்டு, கோயிலும் பள்ளியும். இரண்டிலும் மக்களுக்குப் பிடிமானம் இருந்தது. கோயிலுக்கு நிர்வாகக் குழு, பள்ளிக்குப் பெற்றோர் ஆசிரியர் சங்கம். அப்படியும் இழப்பு பெரிது. 1957இல் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இன்று 530ஐ ஒட்டி இருக்கின்றன. மூடாமல் பிழைத்த பல பள்ளிகளும் உரிமத்தைத் தூக்கிக்கொண்டு நகரத்துத் தாமான்களுக்குப் போயின. பெயரில் மட்டும் பழைய தோட்டம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பழைய பள்ளிக் கட்டடம் செம்பனைக்கு நடுவே கரும்பலகையோடு நிற்கும், அல்லது உரக்கிடங்காக மாறும். அதுவும் ஒரு மறுபயன்பாடுதான், யாரும் அதற்கு விருது தருவதில்லை.

இந்த ஏற்றத்தாழ்வு பேராக்கோடு நிற்பதில்லை. மலாயாவிலும் பர்மாவிலும் வட்டிக்குக் கொடுத்துச் சம்பாதித்த செட்டியார் வீடுகள் காரைக்குடியிலும் கானாடுகாத்தானிலும் இன்று மரபு விடுதிகளாக இருக்கின்றன. நாம் வெட்டிய பாலின் ஒரு துளி அந்தத் தேக்குத் தூண்களிலும் இருக்கும். இலங்கையில் நுவரெலியாவுக்கு அருகே கந்தப்பளையில் ஹெதர்செட் தேயிலை ஆலையை 1990களில் சொகுசு விடுதி ஆக்கினார்கள். இயந்திரச் சக்கரங்களைக்கூட அப்படியே வைத்திருக்கிறார்கள். முதலும் இயந்திரமும் தங்குமிடம் பெற்றுவிடுகின்றன. உழைத்தவர் வீடு பெறுவதில்லை.

ஆனால் அதே மலைநாட்டில் வேறொன்றும் நடந்திருக்கிறது. கம்பளைக்கு அருகே ஓல்ட் பீக்காக் தோட்டத்தில் ஒரு பழைய லயன் வரிசையையே 2007இல் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகமாகவும் ஆவணக்காப்பகமாகவும் மாற்றினார்கள். கண்டியில் இயங்கும் சமூக அபிவிருத்தி நிறுவகத்தின் முயற்சி அது. மொரீசியஸில் ஒப்பந்தக் கூலிகள் கரையேறிய ஆப்ரவாசி காட், இடிபாடுகளாக மிஞ்சியதே கொஞ்சம். அதை 2006இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக ஏற்றது. சுவரின் அழகு இரண்டு இடத்திலும் பேச்சே இல்லை. அங்கே யார் வாழ்ந்தார்கள் என்பதுதான் தகுதி.

இதைச் சொன்னபோது கோலாலம்பூரில் வேலைபார்க்கும் என் ஒன்றுவிட்ட அண்ணன் கோபப்பட்டார். "எங்கப்பா அந்த லயத்த விட்டு வெளிய வரணும்னுதான் வருஷக்கணக்கா ஓவர்டைம் செஞ்சாரு. அதப் போயி பாதுகாக்கணுங்கிறியே?" இந்தக் கேள்வியைத் தள்ளிவிட முடியாது. லயம் வறுமையின் கட்டடம். ஒழுகிய கூரையும் பொதுக் கழிப்பறையும் அதன் உண்மை. அவசரகாலத்தில் முள்வேலிக்குள் அடைபட்டுக் கிடந்த தோட்டங்கள் உண்டு. அதை ஏக்கத்தோடு அலங்கரித்து, ஒரு இரவுக்கு இத்தனை வெள்ளி என்று 'லயத்து அனுபவம்' விற்கும் நாள் வந்தால், அண்ணனோடு சேர்ந்து நானும் மறியல் செய்வேன்.

ஆனால் அவர் அப்பா செய்த ஓவர்டைமுக்கும் ஒரு சாட்சி வேண்டாமா? லயம் இல்லாமல் கோட்டை மட்டும் நின்றால், நூறாண்டுக்குப் பிறகு பத்து காஜாவுக்கு வரும் பிள்ளை, தோட்டம் என்பது ஒரு ஸ்காட்லாந்துக்காரரின் கனவு என்றுதான் படித்துக்கொள்ளும். அந்தக் கனவைச் செங்கல் செங்கல்லாகச் சுமந்தவர்கள் காய்ச்சலில் இறந்த கதைமாந்தர்களாக மட்டும் வருவார்கள்.

எல்லா லயத்தையும் காக்கச் சொல்லவில்லை. பேராக்கில் இன்னும் நிற்கும் பழைய தோட்டங்களில் ஒன்றிரண்டில், ஒரு வரிசை லயம், முடிந்தால் ஒரு புகைவீடு, கைவிடப்பட்ட ஒரு பள்ளிக் கட்டடம் போதும். 2005ஆம் ஆண்டின் தேசிய மரபுடைமைச் சட்டம் கட்டடங்களையும் இடங்களையும் பதிவுசெய்ய வழி தருகிறது. தொட்டுணர முடியாத மரபுக்கும் அதில் இடம் உண்டு. அதற்கு விண்ணப்பம் எழுத ஆள் வேண்டும். பலகை மக்குவதற்குள் நீள அகலம் அளந்து வரைபடம் போட வேண்டும். எந்த வீட்டில் யார் இருந்தார்கள் என்று தெரிந்த தாத்தா பாட்டிகளின் பேச்சைப் பதிய வேண்டும். கட்டடக் கலை படிக்கும் பிள்ளைகள் நம்மிடையே இப்போது இருக்கிறார்கள். கடைவீட்டு முகப்பை வரைவதுபோல் ஒரு லயத்தையும் வரையலாமே.

அடுத்தது புது வேலை. புகைவீட்டின் தடித்த சுவருக்குள் ஒரு நூலகம் வைக்கலாம். லயத்தின் ஓர் அறையைப் பழையபடி விட்டுவிட்டு மற்ற அறைகளில் பாலர் பள்ளி நடத்தலாம், வேலைக்குப் போகும் பெண்களுக்குப் பிள்ளைக் காப்பகம் நடத்தலாம். ஆயாக் கொட்டகை செய்த வேலைதானே அது? இப்போது அந்தத் தோட்டங்களில் செம்பனைக் குலை வெட்டுகிறவர்கள் பெரும்பாலும் இந்தோனேசியரும் வங்காளதேசிகளும். அவர்களும் நம் தாத்தா மாதிரி வேலையோடு ஒட்டிய வீட்டில்தான் படுக்கிறார்கள். அந்த இடத்தில் அவர்களுக்கும் ஒரு மூலை இருந்தால் வரலாறு இன்னும் சரியாகப் புரியும்.

எல்லாவற்றுக்கும் முன்னால் கையில் இருக்க வேண்டியது கிராண்டு. நிலம், அந்தத் தோட்டத்தில் உழைத்தவர்களின் பிள்ளைகள் நடத்தும் ஓர் அமைப்பின் பெயரில் இருக்க வேண்டும், அல்லது நீண்டகாலக் குத்தகையாவது வேண்டும். கோயில் நிர்வாகத்தில் நாற்காலிக்கு அடித்துக்கொள்ளும் நம் வழக்கம் எனக்கும் தெரியும். அதனால் கணக்கை ஆண்டுதோறும் பொதுவில் வைக்க வேண்டும் என்று முதல் விதியாக எழுதிவிடலாம். தோட்டம் விற்பனைக்கு வருவது பத்திரிகையில் தெரியும்போது லயத்தில் ஆட்கள் இருப்பதில்லை, பல சமயம் பலகையும் இருப்பதில்லை. தாத்தா பாட்டி உயிரோடு இருக்கிற வீடுகளில் இந்தத் தீபாவளிக்குப் போகிறவர்கள், எந்தத் தோட்டம், எத்தனையாம் நம்பர் லயம் என்று கேட்டு எழுதி வையுங்கள். விண்ணப்பத்தின் முதல் பக்கத்துக்கு அது வேண்டும்.